கன்னியாகுமரிக்கு முன்னே விடியும் திப்ருகர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு மாணவர், "இந்தியாவுக்குள் ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் நேர வித்தியாசம் உண்டா?" என்று கேட்டிருந்தார். "இல்லை, நாடு முழுவதற்கும் ஒரே நேரம்தான்" என்று ஒற்றை வரியில் விடை எழுதியிருந்தேன். விடையில் பிழை இல்லை என்றாலும் அது போதவே போதாது என்பதைத் தொடர்ந்து வந்த கடிதங்கள் எனக்கு உணர்த்தின. அவற்றில் பெரும்பாலானவை கன்னியாகுமரி மாவட்டத்தையும் அசாம் மாநிலத்தின் திப்ருகரையும் ஒப்பிட்டுக் கேட்டவை. இந்த இரண்டு ஊர்களையும் ஒரே ரயில்வண்டி இணைப்பதால் நம்மவர்கள் பலருக்குத் திப்ருகர் இன்று அறிமுகமான பெயராகிவிட்டது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, திப்ருகரில் வேலை கிடைத்த என் மகனைக் கொண்டுபோய் விடுவதற்காகக் கடந்த ஜூன் மாதம் விவேக் எக்ஸ்பிரஸில் சென்றேன். அங்கே தங்கிய முதல் நாள், முகத்தில் வெயில் பட்டு விழித்தேன். நெடுநேரம் தூங்கிவிட்டோம் என்று பதறிக் கடிகாரத்தைப் பார்த்தால் மணி ஐந்துகூட ஆகவில்லை. நம் ஊரில் அந்த நேரத்தில் காகம்கூடக் கரையாது. ஒரே நாடு, ஒரே கடிகாரம் என்னும்போது இது எப்படி?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகர்கோவில்)

பதில்: உங்கள் கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து கேரளம், கோவை, சேலம், விஜயவாடா, விசாகப்பட்டினம் என்று ஏறி, நியூ ஜல்பைகுரி, குவாஹாத்தி, திமாப்பூர் வழியாகத் திப்ருகரை அடையும் அந்த வண்டிதான் இந்தியாவிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில். ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர். மூன்று நாள்களுக்கும் மேலான அந்தப் பயணத்தில் ஒவ்வொரு விடியலும் முந்தைய விடியலைவிடச் சற்று முன்னதாகவே வந்திருக்கும். இரவோடு இரவாக வண்டி கிழக்கே நகர்ந்துகொண்டிருந்ததால் அந்த மாற்றம் உங்கள் கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம்.

பூமி ஒரு முறை சுழல 24 மணி நேரம் ஆவதால், ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பது கணக்கு. கன்னியாகுமரி 77.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் திப்ருகர் 94.9 பாகையிலும் இருக்கின்றன. இடையிலுள்ள 17 பாகைச் சொச்சத்துக்கு ஏறக்குறைய 70 நிமிடம் வருகிறது. நம் கடிகாரமோ இரண்டு ஊர்களுக்கும் உரியதன்று. உத்தரப்பிரதேசத்தின் மிர்சாபூருக்கு அருகே செல்லும் 82.5 பாகைக் கோட்டுக்கு உரியது. அந்தக் கோட்டோடு ஒப்பிட்டால் கன்னியாகுமரியின் சூரியன் 20 நிமிடம் பிந்தியும், திப்ருகரின் சூரியன் 50 நிமிடம் முந்தியும் உச்சிக்கு வருகின்றன.

இதுவரை சொன்னது பாதிக் கதை. மறுபாதி தெற்கு வடக்கில் இருக்கிறது. கன்னியாகுமரி பூமத்திய ரேகைக்கு வெகு அருகில், 8 பாகை வடக்கில் இருப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் பகலும் இரவும் பெரிதாக மாறுவதில்லை. எந்த மாதத்தில் சென்றாலும் சூரியோதயம் ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில்தான். திப்ருகர் 27.5 பாகை வடக்கில் இருக்கிறது. ஜூன் 21-ஆம் தேதி அங்கே பகல் சற்றேறக்குறைய 13 மணி 53 நிமிடம் நீள்கிறது. டிசம்பர் 21-ஆம் தேதி 10 மணி 24 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த இரண்டு காரணங்களும் சேரும்போது நடப்பதுதான் வியப்புக்குரியது. ஜூன் 21-இல் திப்ருகரில் சூரியன் எழுவது 4.16-க்கு, கன்னியாகுமரியில் 6.04-க்கு, வித்தியாசம் 1 மணி 48 நிமிடம். அன்று மாலை மறைவதோ அங்கே 6.09-க்கு, இங்கே 6.39-க்கு, வெறும் அரை மணி. டிசம்பர் 21-இல் இது அப்படியே தலைகீழாகிறது. காலையில் அங்கே 5.56, இங்கே 6.28 என்று அரை மணி நேரமே வேறுபட, மாலையில் அங்கே 4.20-க்கும் இங்கே 6.08-க்கும் சூரியன் மறைகிறது. (இவை கணக்கிட்டுப் பெற்றவை, ஓரிரு நிமிடம் முன்பின் இருக்கலாம்.) அதாவது, கோடையில் இரண்டு ஊர்களும் காலையில் பிரிந்து மாலையில் நெருங்குகின்றன, குளிர்காலத்தில் காலையில் நெருங்கி மாலையில் பிரிகின்றன. நீங்கள் ஜூனில் சென்றதால் விடியலைக் கண்டு திகைத்தீர்கள். டிசம்பரில் சென்றிருந்தால் காலையில் ஒன்றும் தெரிந்திருக்காது. மாலைத் தேநீர் ஆறுவதற்குள் விளக்குப் போட வேண்டியிருப்பதைக் கண்டுதான் திகைத்திருப்பீர்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் ரப்பர் பால்வெட்டுக்கு அதிகாலை மூன்றரை, நாலு மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறோம். அசாம் தேயிலைத் தோட்டங்களில் தனியாக ஒரு "தோட்ட நேரம்" உண்டு என்று அங்கிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒருவர் சொன்னார். உண்மையா? அப்படியானால் எங்களுக்கும் ஒரு "ரப்பர் நேரம்" வேண்டாமா?
(பால்வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்)

பதில்: முழுக்க உண்மை. அங்கே அதற்கு "பாகான் டைம்" என்று பெயர். பாகான் என்றால் தோட்டம். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் காலத்திலிருந்து வருகிற வழக்கம் இது. இந்திய நேரத்தைவிடத் தோட்ட நேரம் ஒரு மணி முந்தியது. ஊரில் ஏழு என்றால் தோட்டத்தில் எட்டு. தோட்டத்துக்குள் வாழ்கிறவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. ரயிலைப் பிடிக்கவோ, ஊர் மருத்துவமனைக்குப் போகவோ நேரம் குறிக்கும்போது மட்டும் "உங்கள் நேரமா, எங்கள் நேரமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள்.

நான் திப்ருகருக்கு அருகே ஒரு தோட்டத்தின் வாசலில் ஒரு காலை நேரம் நின்றிருக்கிறேன். அலுவலகக் கட்டடத்தின் முன் மரக்கிளையில் ஒரு துண்டு ரயில் தண்டவாளம் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. காவலாளி ஓர் இரும்புக் கம்பியால் அதை எண்ணி எண்ணி அடித்தார். நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன். அது அவர் அடித்த எண்ணிக்கையைவிட ஒன்று குறைவாகக் காட்டியது. குடியிருப்பு வரிசைகளிலிருந்து முதுகில் கூடை தொங்கப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். வால்பாறையிலோ நீலகிரியிலோ இலங்கை மலையகத்திலோ வளர்ந்தவர்களுக்குப் பிரட்டுக் களம் (காலையில் தொழிலாளர்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் இடம்) நினைவுக்கு வந்திருக்கும், எனக்கும் வந்தது.

அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு என்ன என்பதை நினைத்துப் பாருங்கள். கொழுந்து பறிப்பவர் வெயில் ஏறுவதற்குள் எவ்வளவு பறிக்கிறாரோ அவ்வளவும் அவருக்கு உடல் நோகாத வேலை. பறித்த கொழுந்து கூடையில் புழுங்கிப் போகாமல் பகல் வெளிச்சத்திலேயே நிறுவைக்குச் சென்று, ஆலையில் வாட்டுவதற்குப் பரப்பப்பட வேண்டும். டிசம்பரில் நாலேகாலுக்கு இருட்டிவிடும் இடத்தில், ஊர்க் கடிகாரத்தின்படி மாலை ஐந்து வரை வேலை வைத்தால் கடைசி முக்கால் மணி நேரம் இருட்டில் நிற்க வேண்டியதுதான். சட்டமோ அறிவியல் குழுவோ சொல்லும்வரை காத்திராமல் தோட்டங்கள் இதற்கு விடை கண்டுவிட்டன.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தது ரப்பர் மரம். இரவு முழுவதும் இலைகள் வழியாக நீர் அதிகம் வெளியேறாததால் மரப்பட்டையிலுள்ள பால்குழல்களில் அழுத்தம் விடியற்காலையில் மிகுந்திருக்கும். அப்போது பட்டையை மெல்லிசாகச் சீவினால் பால் சிரட்டைக்கு நன்றாக ஓடி வரும். வெயில் ஏற ஏற அழுத்தம் தளர்ந்து, பால் வெட்டிலேயே உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும். இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொன்னேன். தேயிலைக்குப் பகல் வெளிச்சம் வேண்டும், ரப்பருக்கு விடிவதற்கு முந்தைய குளிர் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் விடியல் ஆண்டு முழுவதும் முக்கால் மணி நேரத்துக்குள்ளேயே நகர்வதால், "நாலு மணிக்கு வெட்டு" என்று ஒரு முறை வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் அது பொருந்திவிடுகிறது. ஆகவே உங்களுக்குத் தனிக் கடிகாரம் தேவைப்படவில்லை. உங்கள் தோட்டம் திப்ருகரில் இருந்திருந்தால், ஜூன் மாதத்தில் நீங்கள் நள்ளிரவு கடந்த இரண்டு மணிக்கே கத்தியை எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரில் மக்கள் மாலைப்பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள்? பிள்ளைகள் எப்போது விளையாடுவார்கள்?
(கல்லூரி விரிவுரையாளர், கோவில்பட்டி)

பதில்: மாலை என்று நாம் சொல்லும் பொழுது அங்கே குளிர்காலத்தில் மதியச் சாப்பாட்டோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடுகிறது. பள்ளி முடிந்து வீடு திரும்பும் பிள்ளைக்கு விளையாட வெளிச்சம் மிஞ்சினால் அது பெரிய காரியம். வீட்டுக்குள் வந்ததும் மின்விளக்கின் கீழ்தான் பாடம். கடைத்தெருவில் நாலரைக்கே விளக்குகள் எரியும். பிரம்மபுத்திராவிலிருந்து குளிரும் மூடுபனியும் ஏறிவரும். எட்டு மணிக்குள் தெருக்கள் ஓய்ந்துவிடும். கன்னியாகுமரியில் அதே டிசம்பர் மாலை ஆறு மணிக்குச் சூரியாஸ்தமனம் பார்க்க வந்த கூட்டம் கடற்கரையில் அப்போதுதான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், கலையவே ஏழாகும். சங்கு வளையல், பாசிமணி விற்கும் கடைகளுக்கு உண்மையான வியாபாரமே அதற்குப் பிறகுதான்.

திப்ருகர்க்காரர்களுக்குப் பொழுது சாய்வது வெறும் வெளிச்சக் கணக்காக மட்டும் இருந்ததில்லை. பிரம்மபுத்திராவின் குறுக்கே போகிபீல் பாலம் 2018 டிசம்பர் 25 அன்று திறக்கப்படும்வரை, வடகரைக்குப் போக வேண்டியவர்களுக்குப் படகுதான் வழி. பொழுது சாய்வதற்குள் படகைப் பிடிக்கத் தவறியவர் அன்றிரவு இக்கரையிலேயே தங்க வேண்டும். நோயாளியை வடகரையிலிருந்து திப்ருகரின் அசாம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு, மணி நாலு என்பதும் நாலரை என்பதும் உயிரோடு விளையாடும் வித்தியாசமாக இருந்திருக்கிறது. இன்று 4.94 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் மேல் சாலையிலும் கீழ்த்தளத்து ரயில் பாதையிலும் இரவிலும் போக்குவரத்து நடக்கிறது. ஒரு பாலம் ஓர் ஊரின் மாலைப்பொழுதை நீட்டித்துக் கொடுத்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

கோடையில் இதற்கு நேர்மாறு. நாலரைக்கே பளீரென்று வெயில் அடிக்கும். அலுவலகங்களோ நாட்டின் பிற பகுதிகளைப் போலவே ஒன்பதரை, பத்து மணியளவில்தான் களைகட்டும். சூரியன் எழுந்து ஐந்தே முக்கால் மணி நேரம் கழித்து ஓர் அலுவலகம் திறக்கிறது என்றால், அது கன்னியாகுமரியில் பகல் பதினொன்றே முக்காலுக்கு மேல் திறப்பதற்குச் சமம். நம் மாவட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் வந்தால் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வோமா?

கேள்வி: என் மகளும் மருமகனும் திப்ருகரில் இருக்கிறார்கள். மகள் நம் தினசரிக் காலண்டரை அங்கே மாட்டிவைத்து ராகுகாலம் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை நாலரை முதல் ஆறு என்று போட்டிருக்கிறது; ஆனால் நாலரைக்கு அங்கே இருட்டியே விடுகிறதாம். எதை எடுத்துக்கொள்வது? வெள்ளிக்கிழமை விளக்கை எத்தனை மணிக்கு ஏற்றுவது?
(குடும்பத் தலைவி, பாளையங்கோட்டை)

பதில்: அம்மா, மிக நுட்பமான கேள்வி. பஞ்சாங்கம் பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் நம்பிக்கை. ஆனால் பார்ப்பதென்றால் அதன் கணக்குப்படி பார்க்க வேண்டும்.

ராகுகாலம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதன்று. சூரியோதயத்திலிருந்து அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டுப் பங்காகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்கு ஒதுக்குவதுதான் முறை. திங்களுக்கு இரண்டாம் பங்கு. ஞாயிறுக்கு எட்டாவது, அதாவது கடைசிப் பங்கு. நம் காலண்டர்க்காரர்கள் ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்து, பங்குக்கு ஒன்றரை மணி நேரமாக அச்சடித்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் உதயமும் அஸ்தமனமும் ஆறு மணியை ஒட்டியே வருவதால் இந்தக் கணக்கில் பெரிய பிசகு நேர்வதில்லை. திப்ருகருக்கு இது கொஞ்சமும் பொருந்தாது.

டிசம்பர் 21-ஐ ஒட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். அங்கே பகல் 624 நிமிடம்; எட்டால் வகுத்தால் 78 நிமிடம். கடைசிப் பங்கு மாலை 3.02-க்குத் தொடங்கி, சூரியன் மறையும் 4.20-க்கு முடிந்துவிடுகிறது. காலண்டரில் ராகுகாலம் தொடங்கும் நேரத்தில் உங்கள் மகளின் ஊரில் அது முடிந்தே பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஜூன் 21-ஐ ஒட்டிய திங்கட்கிழமையில் பங்கு ஒன்றுக்கு 104 நிமிடம் வரும். காலண்டர் 7.30 முதல் 9 வரை என்று சொல்லும் ராகுகாலம் அங்கே காலை 6 மணிக்குத் தொடங்கி 7.44-க்கு முடிகிறது. ஆகவே உங்கள் மகள் திப்ருகரின் உதய, அஸ்தமன நேரங்களை வைத்து எட்டால் வகுத்துக்கொள்வதே சரி. கைப்பேசியில் ஊர்ப் பெயரைக் கொடுத்தால் கணக்கிட்டுத் தரும் பஞ்சாங்கச் செயலிகளும் இருக்கின்றன.

விளக்கேற்ற மணி பார்க்கவே வேண்டாம். பொழுது சாயும் வேளையில் ஏற்றுவது என்பதுதானே நம் வீட்டு வழக்கம்? டிசம்பரில் நாலேகாலுக்கு ஏற்றட்டும். நம் முன்னோர் நாளைச் சூரியோதயத்திலிருந்தே எண்ணினார்கள். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம் என்ற அந்தக் கணக்கில் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் விடியல்தான் தொடக்கம். ஆறு மணி என்ற எண்ணை நம் தலையில் ஏற்றியது பின்னால் வந்த கடிகாரம்.

கேள்வி: அசாமுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் தனி நேரம் கொடுத்துவிட்டால் என்ன? அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் பல நேரங்கள் இருக்கின்றனவே. நம் அரசு ஏன் மறுக்கிறது? உங்கள் கருத்து என்ன?
(பொறியியல் மாணவி, சென்னை)

பதில்: நம் நாட்டிலும் பல நேரங்கள் இருந்தவைதாம். அதில் உங்கள் ஊருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1792-இல் சென்னையில் எழுப்பப்பட்ட வானாய்வகத்தின் நேரமே "மெட்ராஸ் டைம்". பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாக அது இருந்ததால், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்கள் அதையே தம் நேரமாக வைத்துக்கொண்டன. அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் சென்று பாருங்கள். 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தபோது சென்னை தன் கடிகாரத்தை ஒன்பது நிமிடம் மட்டும் முன்னே தள்ளிவைத்தது. நமக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தம் சொந்த நேரத்தை விடாமல் வைத்திருந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, நாடு முழுவதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. தற்செயலாகவேனும் திப்ருகரின் கடிகாரம் அதன் சூரியனோடு ஒத்துப்போன காலம் அதுதான். திப்ருகரின் இயற்கையான நேரம் கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 6 மணி 20 நிமிடம் முந்தியது. அதற்கு மேற்கே இருக்கும் டாக்காவின் கடிகாரம் 6 மணி நேரம் முந்தி ஓடுகிறது. கிழக்கே இருக்கும் மியான்மரின் கடிகாரம் ஆறரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் திப்ருகர் மட்டும் ஐந்தரையில் நிற்கிறது. தமக்கு மேற்கே உள்ள நாட்டைவிடத் தம் கடிகாரம் அரை மணி பிந்தி ஓடுவதை அவர்கள் அன்றாடம் காண்கிறார்கள். அவர்களுடைய மனக்குறையை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கோரிக்கை பழையது. திரைப்பட இயக்குநர் ஜாஹ்னு பருவா நெடுங்காலமாக இதற்காகக் குரல் கொடுத்து வருகிறார். 2014-இல் அன்றைய அசாம் முதல்வர் தருண் கோகோய் மாநிலத்துக்குத் தனி நேரம் வேண்டும் என்றார். 2017-இல் அருணாசலப் பிரதேச முதல்வர் பெமா காண்டுவும் இதையே வலியுறுத்தினார். அதே ஆண்டில் குவாஹாத்தி உயர்நீதிமன்றம் இது குறித்த பொதுநல மனுவைத் தள்ளுபடி செய்தது. மத்திய அரசு அமைத்த குழுவின் முடிவு 2004-இல் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபோதும், மாற்றம் வேண்டாம் என்பதே பரிந்துரையாக இருந்தது. ஆனால் நம் திட்ட நேரத்தை அணுக்கடிகாரங்களால் காக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அறிவியலாளர்களே 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 89 பாகை 52 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) தீர்க்கரேகைக்குக் கிழக்கே ஒரு மணி நேரம் முந்திய இரண்டாம் நேரத்தை வைக்கலாம் என்று யோசனை கூறினார்கள். மேற்கு வங்கத்துக்கும் அசாமுக்கும் இடையே அந்தக் கோடு ஒரு குறுகிய நிலப்பகுதியைத்தான் கடக்கிறது என்பதால், ரயில் கடிகாரங்களை மாற்றும் வேலை நியூ கூச்பிகார், அலிப்பூர்துவார் போன்ற மிகச்சில நிலையங்களோடு முடிந்துவிடும் என்பது அவர்கள் வாதம்.

என் கருத்தைக் கேட்கிறீர்கள். இரண்டு கடிகாரங்களை நான் விரும்பவில்லை. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வண்டிகள் ஓடும் நாட்டில், ஒரு மணி நேரக் குழப்பம் விபத்துக்கு இடம் கொடுத்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, ஏற்கெனவே தாங்கள் தனித்து விடப்பட்டதாக எண்ணும் மக்களுக்கும் நமக்கும் இடையே கடிகாரத்திலும் ஒரு கோடு விழ வேண்டாம் என்பதுதான். ஆனால் கடிகாரம் ஒன்றாக இருப்பதற்காகப் பள்ளி மணியும் அலுவலக மணியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? திப்ருகரில் அலுவலகங்களையும் பள்ளிகளையும் கோடையில் ஏழரைக்கும் குளிர்காலத்தில் எட்டுக்கும் திறந்து, அதற்கேற்ப மாலையில் முன்னதாகவே மூடிவிட்டால், எந்த ரயிலின் நேரமும் மாறாமல் அவர்களுடைய பகல் வெளிச்சம் அவர்களுக்கே கிடைத்துவிடும். தேயிலைத் தோட்டங்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திக் காட்டியிருப்பது இதைத்தான். டெல்லி திறக்கும்போதுதான் திப்ருகரும் திறக்க வேண்டும் என்ற பழக்கத்தை விடுவதற்கு ஓர் அரசாணை போதும்.

கேள்வி: இலங்கையில் ஒரு காலத்தில் நேரத்தை மாற்றினார்கள், பிறகு பழையபடி ஆக்கினார்கள். அந்த அனுபவத்தையும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.
(ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர், யாழ்ப்பாணம்)

பதில்: நினைவூட்டியதற்கு நன்றி. முந்தைய பதிலில் நான் இரண்டு கடிகாரங்களுக்கு அஞ்சுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. 1996 மே மாதம், மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை அரசு கடிகாரத்தை ஐந்தரையிலிருந்து ஆறரைக்கு, அதாவது ஒரு மணி நேரம், முன்னே தள்ளியது. விடிவதற்கு முன்பே பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். எஞ்சிய அரை மணி 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் திரும்பி வந்தது. அந்தப் பத்தாண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதி புது நேரத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தது. ஒரே தீவில், ஒரே சாலையில், சோதனைச்சாவடியின் இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் ஒரு நேரம். "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டு வாழ்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் நீங்கள், கடிகாரம் வெறும் இயந்திரமாக இருப்பதில்லை என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

கேள்வி: மகன் திப்ருகரில் வேலை பார்க்கிறான். தினமும் இரவு ஒன்பதரை மணிக்கு வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பேசுவேன். அவன் எப்போதும் தூக்கக் கலக்கத்தோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறான். என்மேல் ஏதாவது வருத்தமோ என்று கலங்குகிறேன்.
(ஒரு தாய், மார்த்தாண்டம்)

பதில்: அம்மா, கலங்க வேண்டாம். உங்கள் கடிகாரத்திலும் அவருடைய கடிகாரத்திலும் ஒன்பதரைதான் என்றாலும், டிசம்பர் மாதத்தில் உங்கள் வீட்டில் இருட்டி மூன்றே கால் மணி நேரம் ஆகியிருக்கும்போது, அவர் அறைக்கு வெளியே இருட்டி ஐந்து மணி நேரம் கடந்திருக்கும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் அவரைப் பதினொன்றேகால் மணிக்கு எழுப்பிப் பேசுகிறீர்கள். சுற்றிலும் ஊர் அடங்கி, குளிருக்குப் போர்த்திப் படுத்துவிட்டவரிடம் நாலு வார்த்தை வருவதே அன்பினால்தான்.

குளிர்காலம் முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டி அழைத்துப் பாருங்கள். நீங்கள் வாசல் விளக்கைப் போடும் நேரம் அது. அவரோ வேலை முடிந்து வந்து, நீண்ட இருட்டில் பேச ஆள் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை மாலையை விட்டுவிட்டுக் காலையில் பேசுங்கள். நீங்கள் எழுந்து அடுப்பை மூட்டும் ஐந்தரைக்கு அவர் குளித்து முடித்து, வெயிலில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்.